இலை கும்பிடும் நேரம்

மலையடிவாரத்துக் காட்டில் பூவாயி என்று ஒரு சருகுமான் இருந்தாள். மான் என்பது பெயருக்குத்தான். முயலைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். தலையில் கொம்பு இல்லை. குச்சி குச்சியாக நாலு கால். எதிரி வந்தால் முட்டவும் முடியாது, வெகுதூரம் ஓடவும் முடியாது. காய்ந்த சருகுகளுக்கு நடுவே அசையாமல் நின்றுகொள்வாள். அவள் உடம்பின் வெள்ளைப் புள்ளிகள் மரங்களின் ஊடே விழும் வெயில் போலத் தெரியும்.

அவள் பிழைத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மர உச்சிகளில் கருங்குரங்குக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. அதன் தலைவர் பெயர் செங்கோடன். சிறுத்தை எந்தப் புதரிலிருந்து தலையை நீட்டினாலும், "ஹூப்! ஹூப்!" என்று கூட்டமே குரல் கொடுக்கும். அந்தக் குரலை நம்பித்தான் கீழே இருந்த பிராணிகள் எல்லாம் மேய்ந்தன, தூங்கின, குட்டிகளை வளர்த்தன.

பூவாயிக்கு ஒரு பிரியம் இருந்தது. ஓடைக்கரையில் ஒரு பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஊற்றுநீர் கசிந்து வந்து விளிம்பிலிருந்து சொட்டும். சொட்டும் இடத்தில் ஒரு காட்டுச்சேம்பு முளைத்திருந்தது. அதன் அகன்ற இலை நீரை வாங்கிக்கொள்ளும். நீர் இலையில் ஒட்டாது. வெள்ளிக் குண்டு போல உருண்டு திரியும். இரண்டு குண்டுகள் முட்டிக்கொண்டு ஒன்றாகும். அது பெருத்துக்கொண்டே போகும். கடைசியில் பாரம் தாங்காமல் இலை மெல்லத் தலை குனியும். நீரெல்லாம் 'சளக்' என்று கொட்டும். இலை துள்ளி நிமிரும். மறுபடியும் முதல் சொட்டு விழும்.

இலை கும்பிடுகிறது என்பாள் பூவாயி. வெயில் சாயும் நேரத்தில் பாறைக்கடியில் போய் நின்று அதைப் பார்ப்பது அவள் வழக்கம். குனிவதற்குச் சற்று முன்னால் இலையின் நுனி லேசாக நடுங்கும். அதைக் கண்டதும் அவள் மூக்கும் தானாக நடுங்கும்.

"என்ன அக்கா, உன் இலை இன்னும் கும்பிட்டு முடிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் வேம்பன். அவன் ஒரு முள்ளம்பன்றி.

"பேசாம நில்லு தம்பி. இதோ, இப்பக் குனியப் போகுது!"

'சளக்.'

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்!" என்று பூவாயி பெருமூச்சு விட்டாள். ஒரு பெரிய விருந்து முடிந்த திருப்தி அவள் முகத்தில்.

"இதுல என்ன வயிறு நிறையுதா?"

"நீ ஒரு பழைய மான்கொம்பை வச்சுக்கிட்டுக் கடிச்சுக் கடிச்சுத் துப்புறியே! அதுல என்ன சாறா வடியுது?"

வேம்பன் முட்களைச் சிலிர்த்துச் சிரித்தான். "சாறு இல்லை அக்கா. ஆனா அந்த 'கறுக் கறுக்' சத்தம் இருக்கே! அதைக் கேட்டாத்தான் எனக்கு அன்னிக்குப் பொழுது போன மாதிரி இருக்கும்."

அந்தக் காட்டில் யாரைக் கேட்டாலும் இப்படி ஒன்றைச் சொல்வார்கள். பேச்சி என்ற காட்டுப்பன்றி ஒரு வேங்கை மரத்தின் சொரசொரப்பான பட்டையில் விலாவைத் தேய்த்துக்கொண்டு கண் சொக்கி நிற்பாள். தேய்க்கும்போது குட்டிகள் கூப்பிட்டாலும் காதில் விழாது. உடும்பு ஒன்று தட்டைப் பாறையில் தோசைக்கல்லில் வேகிற தோசை மாதிரி பரந்து கிடக்கும். ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் சிறுத்தை ஒரு காட்டுச்சேவலைப் பிடித்துத் தின்றுவிட்டது. காடே கலங்கிப்போனது.

மறுநாள் வால்காக்கை பறந்து வந்து செங்கோடனுக்கு எதிரே உட்கார்ந்தது. நீண்ட வால் உள்ள பறவை அது. காக்கைக்கு உறவு. குரலில் மட்டும் தேன் ஒழுகும்.

"தலைவரே, எனக்கு மனசு ஆறலை. அந்தச் சேவல் ஏன் செத்தான்னு யோசிச்சீங்களா?"

"சிறுத்தை பிடிச்சது, செத்தான்" என்றார் செங்கோடன். அவர் இரவெல்லாம் தூங்கவில்லை. கூட்டத்தில் கைக்குழந்தைகள் நிறைய இருந்தன.

"அப்படி இல்லைங்க. அவனுக்குப் புற்றடியில புழுதிக் குளியல் போடுறதுன்னா உயிர். தினமும் அங்கேயே போவான். சிறுத்தைக்கு அது தெரிஞ்சுபோச்சு. ஒருத்தனுக்கு எது மேல ஆசைன்னு தெரிஞ்சா அவன் கதை முடிஞ்சுது! இங்க எல்லாருக்கும் ஒரு மரம், ஒரு பாறை, ஒரு இலை. எல்லாம் சிறுத்தைக்கு வாசல் திறந்து வைக்கிற வேலை!"

கீழே நின்ற வேம்பனுக்குப் பொறுக்கவில்லை. "அந்தச் சேவல் அன்னிக்குக் குளிக்கவே இல்லையே! பக்கத்துச் சேவலோட மல்லுக்கட்டிக்கிட்டு நின்னான். கண்ணு பூரா கோபம். சிறுத்தை முதுகுக்குப் பின்னால வந்ததும் தெரியலை, உங்க குரலும் காதுல விழலை. நான் பார்த்தேன்!"

"ஓகோ! வேம்பன் ஐயாதான் சாட்சியா?" என்று வால்காக்கை இளித்தது. "கொம்பைத் தின்னு வயிறு வளர்க்கிறவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்!"

குரங்குக் குட்டிகள் கைகொட்டிச் சிரித்தன. வேம்பன் முட்களை மடக்கிக்கொண்டு பின்வாங்கினான்.

செங்கோடன் கூட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. தம் பொறுப்பில் இருந்த உயிர்களை நினைத்துப் பயந்தார், அவ்வளவுதான். கடைசியில் எழுந்து நின்று சொன்னார்:

"இனிமே இது என் மரம், இது என் பாறைன்னு யாரும் எங்கேயும் போய் நிக்கக் கூடாது. மேயணும், தூங்கணும், அவ்வளவுதான். தண்ணி குடிக்கணும்னா எல்லாரும் சேர்ந்து ஒரே துறையில குடிச்சிட்டு வந்துடுவோம்."

"அருமையான யோசனை!" என்றது வால்காக்கை. "பூவாயி நிக்கிற பாறைக்கு எதிரே ஓடை அகலமா இருக்கே, அதுதான் நல்ல துறை. நீங்களும் குட்டிகளோட நிம்மதியா இறங்கிக் குடிங்க. உச்சியில இருந்து நான் காவல் பார்க்கிறேன். எனக்கு இதைவிட வேற என்ன வேலை!"

எல்லோரும் தலையாட்டினார்கள். பூவாயியும் ஆட்டினாள்.

சொன்னபடியே நடந்தார்கள். பாவம், எல்லாரும் மெனக்கெட்டு நடந்தார்கள். ஆனால் காட்டின் முகமே மாறிப்போனது. கொம்பைக் கடிக்காததால் வேம்பனின் பற்கள் நீண்டு வளர்ந்து வாய் மூடவில்லை. பேச்சியின் விலாவில் உண்ணி ஏறி, அவள் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாள். உடும்பு வெயில் காயாமல் விறைத்துப்போய்க் கிடந்தது. தண்ணீர் குடிக்கும் நேரத்தில் எல்லோரும் வரிசையாக வந்தார்கள். முன்னால் போகிறவரின் வாலைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். குடித்தார்கள். திரும்பிப் போனார்கள்.

பூவாயிக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. அதனால் யாரிடமும் எதையும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அத்திப்பழம் தின்றால் தின்றதாகத் தெரியவில்லை. விடிந்தால் ஏன் விடிந்தது என்று இருந்தது.

ஒருநாள் அவள் சருகில் நடந்துகொண்டிருந்தாள். பேச்சியின் குட்டி ஒன்று பின்னாலிருந்து கத்தியது. "அத்தை, அத்தை! நீங்க நடக்கிறது எங்க அம்மா நடக்கிற மாதிரியே கேக்குது!"

பூவாயி சட்டென்று நின்றாள். பன்றி மாதிரியா? சருகுமான் நடந்தால் சருகுக்கே தெரியக் கூடாது! தான் எங்கே கால் வைக்கிறோம் என்று பார்க்காமல், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கவனிக்காமல், இத்தனை நாளாக நடந்திருக்கிறாள். இப்படியே போனால் சிறுத்தை தேடி வர வேண்டியதில்லை. அவளே அதன் வாயில் போய் விழுந்துவிடுவாள்.

அன்று வெயில் சாயும்போது அவள் நேராகப் பாறைக்குப் போனாள். இலை அவளுக்காகக் காத்திருக்கவில்லை. தன் பாட்டுக்கு நீரை வாங்கிக்கொண்டு, தன் பாட்டுக்குக் குனிந்தது. 'சளக்.' பூவாயியின் காதுகள் இரண்டும் விறைத்து நிமிர்ந்தன. தூரத்தில் ஒரு தவளை குதித்தது கேட்டது. அத்தி மரத்தில் காற்று புரண்டது கேட்டது. மூங்கில் புதரில் யாரோ இறகு கோதுவதுகூடக் கேட்டது. அடைத்திருந்த காது திறந்துகொண்ட மாதிரி இருந்தது.

செய்தி செங்கோடனுக்கு எட்டியது. வால்காக்கைதான் போய்ச் சொன்னது. அவர் தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்தார்.

"ஏ பூவாயி, மத்தவங்களுக்காவது ஒரு காரணம் இருக்கு. பேச்சிக்கு அரிக்குது. உடும்புக்குக் குளிருது. நீ இலை தண்ணி கொட்டுறதைப் பார்க்கலைன்னா செத்தா போயிடுவே?"

"சாகமாட்டேன் தலைவரே. ஆனா இருக்கிறதும் தெரியலை."

"உன்னைப் பார்த்து நாளைக்கு எல்லாரும் கிளம்புவாங்க. நான் எப்படிக் காவந்து பண்ணுவேன்?"

"நான் யாரையும் கூப்பிடலைங்க. நான் மட்டும்தான் போறேன்."

செங்கோடனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ கேட்டுக்கோ! அந்தப் பாறைப் பக்கத்து மரத்துல எங்க ஆள் ஒருத்தரும் இனிமே உட்கார மாட்டாங்க. சிறுத்தை வந்தாலும் உனக்காக ஒரு கூவல் கிடையாது. இலையா, எங்க குரலா? நீயே முடிவு பண்ணு!"

கொம்பில்லாத, ஓடத் தெரியாத ஒரு பிராணிக்கு அந்தக் குரல் எவ்வளவு பெரிய துணை என்று பூவாயிக்குத் தெரியாதா? திரும்பிப் பாறையை ஒருமுறை பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்:

"உங்க குரல் இல்லாட்டி என் காதை நம்பிப் பிழைச்சுக்குவேன். அந்த இலை இல்லாட்டி எனக்குக் காதே இல்லைங்க."

செங்கோடனுக்கு அது புரியவில்லை. கிளையை உலுக்கிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அதன்பிறகு பாறையைச் சுற்றியிருந்த மரங்கள் வெறிச்சோடிப் போயின. பூவாயி தனியாக வருவாள், தனியாக நிற்பாள். பயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் இலை குனியும் அந்த ஒரு நொடியில் பயம் அவளை விட்டு விலகி நிற்கும்.

கோடை முற்றியது. ஒருநாள் அவள் வழக்கம்போலப் பாறைக்கடியில் வந்து நின்றாள். ஒரு சொட்டு விழுந்தது. இலையில் நீர்க்குண்டு உருண்டது. இன்னொரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டுக்காகக் கண்ணை அகல விரித்துக் காத்திருந்தாள்.

விழவில்லை.

இலையின் நுனி நடுங்க வேண்டிய நேரம். நடுங்கவில்லை. ஊற்று வற்றிவிட்டதா? கோடையில் வற்றும்தான். ஆனால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மெலியும். இப்படிப் பாதியில் நின்றது கிடையாது. அப்போது ஒரு சொட்டு விழுந்தது. இலையில் அல்ல. இரண்டு அடி தள்ளி, என்றும் நனையாத ஒரு கல்லின் மேல் விழுந்தது.

நீர் வழி மாறி வருகிறது. அப்படியென்றால் மேலே ஏதோ குறுக்கே கிடக்கிறது!

பூவாயி இலையை உற்றுப் பார்த்தாள். நீர்க்குண்டின் நடுவே குட்டையான ஒரு மஞ்சள் மயிர் மிதந்தது.

அவள் மூச்சை அடக்கினாள். தலைக்கு நேர் மேலே, பாறையின் முதுகில், ஊற்று ஈரத்தில் வயிற்றைப் பதித்துக்கொண்டு சிறுத்தை படுத்திருக்கிறது. அதன் கண் அவள்மேல் இல்லை. எதிரே உள்ள துறைமேல்.

துறையை நோக்கி வரிசை வந்துகொண்டிருந்தது. முன்னால் செங்கோடன், பின்னால் குழந்தைகளைச் சுமந்த தாய்க்குரங்குகள், பேச்சி, அவள் குட்டிகள், தொங்கிய பல்லோடு வேம்பன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மரத்து உச்சியில் வால்காக்கை உட்கார்ந்திருந்தது. சிறுத்தை அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் அது வாய் திறக்கவில்லை.

பாறைக்குப் பின்னால் ஒரு நடைவழி இருந்தது. பூவாயி சத்தமில்லாமல் நழுவிவிடலாம். சிறுத்தைக்குத் தெரியவே தெரியாது. கூவ மாட்டேன் என்று சொன்னவர்தானே வருகிறார்? அவள் ஒரு காலை எடுத்து வைத்தாள்.

அப்போது ஒரு குரங்குக் குட்டி தாயின் கையிலிருந்து இறங்கித் தண்ணீர் விளிம்புக்கு வந்தது. நீரில் ஒரு குமிழி மிதந்தது. குட்டி அதை விரலால் தொட்டது. குமிழி உடைந்தது. குட்டியின் வாய் வியப்பில் அப்படியே திறந்துகொண்டது. இன்னொரு குமிழி வருமா என்று அது காத்திருந்தது.

பூவாயி எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

சருகுமான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆபத்து என்றால் பின்னங்கால்களால் தரையை வேகமாகக் கொட்டும். கொட்டினால் மற்றவர்களுக்குச் செய்தி தெரியும். கொட்டுகிறவர் நிற்கும் இடமும் தெரிந்துவிடும். அதனால் சாகத் துணிந்தாலொழிய யாரும் கொட்டுவதில்லை.

பூவாயி கொட்டினாள். 'தடதடதடதட!' கூரைப் பாறைக்கடியில் அந்தச் சத்தம் பறைபோல முழங்கியது.

"பாறை மேல! பாறை மேல!" என்று கத்தினாள்.

செங்கோடன் நிமிர்ந்தார். பாறைமேல் இரண்டு கண்கள் எரிவதைக் கண்டார். "ஹூப்! ஹூப்! ஹூப்!" அடுத்த நொடி குமிழி பார்த்த குட்டியை வாரிக்கொண்டு மரத்தில் இருந்தார். பேச்சி தன் குட்டிகளை முட்டித் தள்ளிப் புதருக்குள் விரட்டினாள். சிறுத்தை பாய்ந்தபோது துறையில் கலங்கிய தண்ணீர்தான் மிச்சம்.

சிறுத்தை உறுமிக்கொண்டு திரும்பியது. "யாரடி அது, என் சாப்பாட்டைக் கலைச்சவ?"

பூவாயி அதற்குள் பாறை இடுக்கில் புகுந்திருந்தாள். எத்தனையோ நாள் நின்ற இடம். எந்த இடுக்கில் எவ்வளவு உடம்பு நுழையும் என்று அவளுக்குப் பாடம். சிறுத்தையின் நகங்கள் அவள் மூக்குக்கு முன்னால் கல்லைக் கீறின. இன்னும் கொஞ்சம் நீட்டினால் எட்டிவிடும். சிறுத்தை தோளைத் திருகி உள்ளே நுழைக்கப் பார்த்தது.

"அண்ணே, கொஞ்சம் திரும்புங்க!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

சிறுத்தை திரும்பியது. வேம்பன் முதுகைக் காட்டிக்கொண்டு, முட்களையெல்லாம் விரித்து, பின்னோக்கி ஓடி வந்து மோதினான். சிறுத்தையின் மூக்கில் முள் தைத்தது. அது அலறிக்கொண்டு துள்ளியது.

"பல்லுதான் கெட்டுப்போச்சு! முள்ளு நல்லாத்தான் இருக்கு!" என்றான் வேம்பன்.

மூக்கைத் தேய்த்துக்கொண்டு சிறுத்தை மரத்து உச்சியைப் பார்த்துக் கத்தியது. "அடேய் வால்காக்கை! நீ சொன்ன யோசனை இதுதானா? 'ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு இடத்துல கண்ணை விரிச்சு நிக்கிறான், அதனாலதான் உனக்கு வேட்டை சிக்கலை. எல்லாரையும் தூங்குமூஞ்சி ஆக்கி ஒரே துறையில கொண்டுவந்து நிறுத்துறேன், மிச்சம் மீதி எனக்கு'ன்னு சொன்னியே! ஒருத்தி முழிச்சிருக்கான்னு ஏன்டா சொல்லலை?"

"அவ வெறும் இலையைத்தானே பார்க்கிறான்னு நினைச்சேன்!" என்று வால்காக்கை உளறியது. பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அதற்கு விளங்கியது. காடே கேட்டுக்கொண்டிருந்தது. அது மலையைத் தாண்டிப் பறந்தது. முள் தைத்த மூக்கோடு சிறுத்தையும் அதே திக்கில் முனகிக்கொண்டு போனது.

செங்கோடன் மரத்திலிருந்து இறங்கினார். தரையில், பூவாயிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கருங்குரங்குத் தலைவர் இன்னொருவர் எதிரே தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"பூவாயி, நாங்க இத்தனை பேர் வந்தோம். எங்க ஒருத்தர் கண்ணுலயும் படலையே! உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குச் சிறுத்தை தெரியலைங்க. ஒரு சொட்டுத் தண்ணி இடம் மாறி விழுந்துச்சு. அதுதான் தெரிஞ்சுது."

"ஒரு சொட்டா?"

"பிரியமா பார்க்கிறவங்களுக்கு ஒரு சொட்டு போதும் தலைவரே."

செங்கோடன் தலையைச் சொறிந்தார். பிறகு யாருக்கும் கேட்காதபடி மெல்லச் சொன்னார். "எனக்கும் ஒண்ணு இருந்துச்சு. விடிஞ்சதும் உச்சிக் கிளையில சாய்ஞ்சு, முதல் வெயிலை வயித்துல வாங்கிக்கிறது. தலைவனுக்கு இதெல்லாம் அழகில்லைன்னு முதல்ல அதைத்தான் விட்டேன்."

"அங்கிருந்து பார்த்தா என்னவெல்லாம் தெரியும்?"

"எல்லாம் தெரியும்! பனி எந்தப் பள்ளத்துல தங்குது, எந்தப் புதர் காத்தில்லாம ஆடுது, எல்லாம்..." என்றவர் பாதியில் நிறுத்தினார். பூவாயி சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அன்றோடு அந்தச் சட்டம் ஒழிந்தது. வேம்பன் கொம்பைத் தேடி ஓடினான். பேச்சி வேங்கை மரத்தில் விலாவை வைத்துத் தேய்த்த தேய்ப்பில் பட்டை உதிர்ந்தது. உடும்பு பாறையில் பரந்துகொண்டது. செங்கோடன் புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்கி வைத்தார். தினமும் கிளைகளில் தாவிக்கொண்டே ஒவ்வொருவரிடமும், "உங்க இடத்துல இன்னிக்கு எல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்பார். பாறையின் சூடு, மரப்பட்டையின் கீறல், கொம்பின் வாசனை, இலையின் நடுக்கம் என்று அவரவரும் தங்கள் பிரியத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். ஏதாவது ஒன்று துளி மாறியிருந்தாலும் காடு முழுக்க உடனே தெரிந்துவிடும். அங்கே வந்த எந்தச் சிறுத்தையும் அதன்பிறகு யாரையும் அசந்த நேரத்தில் பிடித்ததில்லை.

அன்றாடம் ரசிக்க ஒரு சிறு பொருளாவது உள்ளவனே கண்ணும் காதும் திறந்து உயிர்ப்போடு வாழ்கிறான். அந்த விழிப்பு அவனோடு, அவனைச் சுற்றியிருப்பவர்களையும் காக்கும்.